மலிவுக்கு வந்த துப்பாக்கி

தலைப்பைக் கண்டு விடுதிக் காப்பாளர் அஞ்ச வேண்டாம். நான் சொல்லப் போகும் துப்பாக்கி என் பெட்டியில் இல்லை. அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தில், என் பெரியப்பா மகன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. அதன் விலையைப் பற்றித்தான் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கை நம் சங்க ஏட்டின் வாசகர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன். பௌதிகம் படிக்கும் பெண்ணுக்குத் துப்பாக்கி ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கத் தோன்றினால், சற்றே பொறுங்கள்.

என் தாத்தா குடியாத்தத்துக்காரர். 1963-இல், இருபது வயதில், கல்கத்தாவுக்கு வடக்கே இஷாப்பூர் துப்பாக்கிப் பாக்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டுதான் சீனப் போர். மலை முகடுகளில் நின்ற நம் சிப்பாய்களில் பெரும்பாலோர் கையில் இருந்தது, ஒவ்வொரு வெடிக்கும் போல்ட்டைத் திருகி இழுக்க வேண்டிய பழைய .303. எதிரே நின்றவர்களிடமோ விசையை அழுத்த அழுத்த வெடிக்கும் தானியங்கிகள். அந்தப் போர் முடிந்தபின் பாக்டரிகளில் ஆள் எடுத்தார்கள், இரவும் பகலும் இயந்திரங்கள் ஓடின. தாத்தா போல்ட் பிட்டர். ஓய்வு பெற்ற பின்னும் ஊர் திரும்பவில்லை. இச்சாப்பூர் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு சிறு வீடு. ஞாயிறுதோறும் சியால்டாவில் லோக்கல் ஏறிப் போனால் எனக்குச் சாம்பார் கிடைக்கும் இடம் அதுதான்.

சென்ற பூசை விடுமுறையில் ஒரு நாள் இரவு எட்டரை மணி. வெளியே டாக் முழங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் கைபேசியில் முகம் காட்டிக் கூப்பிட்டான். அவனுக்கு அங்கே காலை நேரம். ஏதோ ஓர் அடகுக் கடையில் நிற்கிறான். ஏழெட்டு ஆண்டுகளாக அவனுக்குப் பழைய பட்டாளத் துப்பாக்கிகள் சேர்க்கும் பைத்தியம். அந்நாட்டில் அதற்குச் சட்டம் இடம் தருகிறது. ஐம்பது ஆண்டு கடந்த ஆயுதத்தை அரும்பொருள் என்று தனி வகையாகவே அவர்கள் ஏட்டில் வைத்திருக்கிறார்கள்.

“தாத்தா, இதைப் பாருங்க. எழுதித் தொங்கவிட்டிருக்கிறது .303 என்பீல்டுன்னு. எனக்கு என்னவோ சந்தேகமா இருக்கு.”

தாத்தா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மூன்று வினாடி பார்த்திருப்பார்.

“மேகஸினைக் காட்டு. கீழே சதுரமா இருக்கா, சரிஞ்சு இருக்கா?”

“சதுரமா இருக்கு தாத்தா.”

“அப்ப அது மூணு-நாட்-மூணு இல்லடா. நம்மளுது. செவன் சிக்ஸ் டூ. பின்னாடி சைட்டைத் தூக்கு. எத்தனை வரைக்கும் போட்டிருக்கு?”

“இரண்டாயிரம்.”

தாத்தா ஒரு கணம் பேசவில்லை. பிறகு மெதுவாக, “டூ ஏ. ஏ ஒன் இல்லை. ஆரம்பத்தில செஞ்சது” என்றார். அண்ணன் கட்டைக்கு மேலிருந்த இரும்பு வளையத்தைத் துடைத்துக் காட்டினான். ஆர்.எஃப்.ஐ.; அசோகச் சிங்கம்; 1964.

இங்கே சற்று விளக்கம் வேண்டும். லீ-என்பீல்டு என்பது பிரிட்டிஷ் சாம்ராச்சியமே தோளில் சுமந்த துப்பாக்கி. ஜேம்ஸ் பாரிஸ் லீ அமைத்த போல்ட், இங்கிலாந்தில் என்பீல்டு ஊரின் ஆயுதசாலை, இரண்டும் சேர்ந்த பெயர் அது. இஷாப்பூரில் 1791 முதல் வெடிமருந்து செய்தார்கள். அதே இடத்தில் 1904-இல் துப்பாக்கிப் பாக்டரி தொடங்கியது. இரண்டு உலகப் போர்களுக்கும் அங்கிருந்து .303 துப்பாக்கிகள் போயின. 1962-க்குப் பிறகு, புதிய தானியங்கித் துப்பாக்கிக்கான 7.62 மில்லிமீட்டர் தோட்டாவையே பழைய வடிவத்திலும் பயன்படுத்தலாம் என்று கருதி, அதே சாயலில் நம்மவர்கள் புதிதாகச் செய்ததுதான் டூ ஏ. பிறகு குறிகாட்டியில் 2000 மீட்டர் அளவை வீண் என்று நீக்கி 800 ஆக்கினார்கள். அது டூ ஏ ஒன். பின்னது ஏராளம், முன்னது குறைவு. உலகில் பட்டாளத்தின் பொதுப் பயனுக்கென்று வடித்தெடுத்த போல்ட் துப்பாக்கிகளுள் ஏறக்குறையக் கடைசியானது இது என்று சேகரிப்போர் எண்ணுகிறார்கள். அவர்களுக்கு இது ஒரு யுகத்தின் வால்நுனி.

ஆக, அபூர்வப் பொருள். விலைச் சீட்டோ 180 டாலர். வேறு இடத்தில் இதற்கு மூன்று மடங்கு கேட்பார்களாம். கடைக்காரருக்குத் தெரியவில்லை, அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது, அதுவும் எண்ணாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து தாத்தா சொல்லி. இப்போது அவன் என்ன செய்ய வேண்டும்?

சிரிக்காதீர்கள். காலேஜ் ஸ்ட்ரீட் நடைபாதையில் இதே பரீட்சையை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு நான் அங்கே மேகநாத் சாகாவும் ஸ்ரீவாஸ்தவாவும் சேர்ந்து எழுதிய வெப்பவியல் நூலின் பழைய பதிப்பு ஒன்றை நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். வாங்குமுன் முகத்தை எவ்வளவு அலட்சியமாக வைத்துக்கொண்டேன் தெரியுமா? வேண்டாத புத்தகம் இரண்டைக் கையில் எடுத்து, இதை மூன்றாவதாக அடியில் வைத்து, “எல்லாம் சேர்த்து என்ன தாதா?” என்று கேட்டேன். அறையில் வந்து தோழியிடம் பெருமையடித்தேன். அன்றிரவு தூக்கம் நன்றாகவே வந்தது.

அதை இன்று நான் எப்படி நியாயப்படுத்துவேன்? கடை வைத்திருப்பவர் தம் சரக்கை அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவர். நான் படித்துத் தேடிய அறிவுக்கும் ஒரு கூலி உண்டு. அவர் வாங்கியதைவிட அதிகத்துக்குத்தான் விற்றார். மூன்றும் சரியான வாதங்களே. ஆனால் அதே புத்தகத்தை, இறந்துபோன பேராசிரியரின் மனைவி, ‘இதெல்லாம் எனக்கென்ன தெரியும் அம்மா, நீயே பார்த்துக் கொடு’ என்று என் கையில் தந்திருந்தால், அந்த மூன்று வாதங்களில் ஒன்றாவது என் வாயில் வருமா? வரக்கூடாது. கடைக்காரர் நம்மோடு பேரம் பேச உட்கார்ந்தவர். நம்மை நம்பியவர் அல்லர். நம்பியவரிடம் பேரம் செய்வது வழிப்பறிக்கு அடுத்த வீடு. என் கருத்தில் கோடு அங்கேதான் இருக்கிறது. பொருளின் விலையில் அதைத் தேடிப் பயனில்லை.

அண்ணனுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. சீட்டில் எழுதியிருந்த அளவு தவறு. .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு, 7.62-க்குத் துருத்தும் விளிம்பு கிடையாது. அதனால்தான் மேகஸினும், வெடித்த கூட்டைக் கவ்வி இழுக்கும் கொக்கியும் மாற்றப்பட்டன. துப்பாக்கியின் பெயர் தவறாக இருந்தால், தவறான தோட்டாவைத் திணித்துப் பார்க்க ஒரு மூடன் என்றாவது வருவான். அண்ணன் விலைபேசும் முன்னரே கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னான்: “ஐயா, இது .303 அல்ல, இந்தியாவில் செய்த 7.62. சீட்டை மாற்றுங்கள்.”

செய்தான், நல்ல பிள்ளை. விலை ஏறும் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “ஓ, இந்தியச் சரக்கா? நான் இங்கிலீஷ் என்று நினைத்தேன். அப்படியானால் 140 கொடு” என்றார்.

நாற்பது டாலர் குறைந்தது. கைபேசி ஒலிபெருக்கியில் இருந்தது. தாத்தாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது; ஆனாலும் ‘இண்டியன்’ என்ற சொல்லும் இரண்டு எண்களும் புரியாமல் போகுமா? அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். அண்ணன் பணத்தைக் கட்டி, அங்கே நிரப்ப வேண்டிய அரசாங்கப் படிவத்தை நிரப்பி, சோதனை முடிந்து, மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டு போனான்.

என் வழக்கு இதுதான்: அந்த நாற்பது டாலர் யாருடைய நாற்பது டாலர்?

இஷாப்பூர்த் துப்பாக்கி என்றால் மட்டமான எஃகு, பழைய .303-இன் குழலை மாற்றி ஒப்பேற்றியது, வெடித்துவிடும் என்றெல்லாம் அங்கே சேகரிப்போரிடையே நெடுங்காலம் ஒரு பேச்சு உண்டு. அண்ணனே சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் அப்படிச் சொன்னவன்தான். உண்மை நேர்மாறு. டூ ஏ புதிதாகச் செய்த துப்பாக்கி, 7.62-இன் அழுத்தம் அதிகம் என்பதற்காகவே எஃகை மேம்படுத்திச் செய்தது. கணக்குப் போட்டுப் பாருங்களேன். .303-இன் பழைய தோட்டாவில் 11.3 கிராம் குண்டு வினாடிக்கு 744 மீட்டர் வேகத்தில் போகும். இயக்க ஆற்றல் ஏறக்குறைய 3130 ஜூல். 7.62-இல் 9.5 கிராம் குண்டு ஏறத்தாழ 840 மீட்டர், 3350 ஜூல். குண்டு இலேசானது, ஆற்றல் கூடுதல். முன்னே போகிற அந்தத் தள்ளலின் மறுபாதி எங்கே போகிறது? பின்னால், போல்ட்டின் முகத்தில். லீ-என்பீல்டில் போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கத்தில் இருக்கின்றன. வெடிக்கும்போது போல்ட் முழுவதும் ஒரு மயிரிழை அமுங்குகிறது. இரண்டு காதும் ஒரே சீராக உட்காராவிட்டால் பாரம் ஒன்றின் மேலேயே விழும்.

இரண்டையும் சீராக உட்கார வைப்பதுதான் என் தாத்தா பார்த்த வேலை. நீலச் சாயத்தை மெல்லத் தடவி, போல்ட்டைப் பூட்டித் திறந்து, சாயம் எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி பூட்டி... இரண்டு பக்கமும் ஒரே அளவு நீலம் வரும்வரை. பிறகு அந்தப் போல்ட் வேறு எந்தத் துப்பாக்கிக்கும் சேராது. துப்பாக்கியின் எண்ணையே போல்ட்டிலும் அடித்து அனுப்புவார்கள். இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது இந்த எண்கள் பொருந்துகின்றனவா என்பதைத்தான். பொருந்தினால் விலை கூடும். பரிசோதகரின் முத்திரை இருக்கும், பாக்டரியின் பெயர் இருக்கும், சிங்கம் இருக்கும். தேய்த்தவன் பெயர் எங்கும் இராது.

அண்ணன் வாங்கிய துப்பாக்கியில் எண்கள் பொருந்தின. அதைத் தாத்தா தேய்த்தாரா, பக்கத்து வைஸில் நின்றவர் தேய்த்தாரா என்பதை யாராலும் சொல்ல முடியாது. நான் கேட்டேன். “ஒரு நாளைக்கு எத்தனை போச்சு, எனக்கு என்ன தெரியும்?” என்றார். ஆனால் வீட்டுக்குப் போனதும் போல்ட்டை இழுத்துக் காட்டச் சொன்னார். நாலு முறை இழுக்கச் சொன்னார். பார்க்கவில்லை, காதைக் கைபேசியில் வைத்துக் கேட்டார்.

மலிவு என்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1990-களில் இந்தத் துப்பாக்கிகள் உபரியாகக் கப்பலேறி அமெரிக்கா போனபோது நூறு டாலரை ஒட்டிய விலையில் விற்றனவாம். மலிவான பொருளுக்கு மரியாதை ஏது? வாங்கியவர்கள் கட்டையை அறுத்தார்கள்; குழலைக் குட்டையாக்கி, வேட்டைத் துப்பாக்கி ஆக்கினார்கள்; சில வியாபாரிகள் தாங்களே அறுத்து, பட்டாளம் கண்டிராத ஒரு ‘காட்டுத் துப்பாக்கி’யாக அலங்கரித்து விற்றார்கள். அப்படி அறுபட்டவை போக, எண்ணெய்ப் பிசுக்கோடு மூலையில் கிடந்து தப்பியவைதாம் இன்று அபூர்வம். ஒரு தலைமுறை அறுத்துத் தள்ளியதற்கு அடுத்த தலைமுறை மூன்று மடங்கு விலை கொடுக்கிறது. நம் ஊர்களில் ஓலைச்சுவடிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே என்று சொன்னால் தமிழ்த்துறை நண்பர்கள் கோபிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சரி, அந்தக் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனென்ன? இஷாப்பூரில் என்ன எஃகு, எந்த ஆண்டு, எத்தனை மாறுதல் என்று அவருக்கு யார் சொல்ல வேண்டும்? லீ-என்பீல்டுகளைப் பற்றி இன்று உலகம் புரட்டும் பெரிய புத்தகத்தை எழுதியவர் இயான் ஸ்கென்னர்டன் என்னும் ஆஸ்திரேலியர். எங்கள் பாக்டரித் துப்பாக்கிகளின் கட்டையில் குறுக்கே ஒரு திருகு இருக்கும். இந்நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் மரம் பிளக்காமலிருக்க வைத்தது. ‘இஷாப்பூர்த் திருகு’ என்று அதற்குப் பெயரிட்டு உலகெங்கும் பேசுகிறார்கள். அந்தத் திருகைப் போட்ட கைகள் எங்கள் தெருவில் இருந்தன. தெருவில் ஒருவரிடமாவது அதைப் பற்றி ஒரு தாள் குறிப்பு உண்டா? நான் வீடு வீடாகக் கேட்டேன். சம்பளச் சீட்டு இருக்கிறது, ஓய்வூதிய உத்தரவு இருக்கிறது, பூசைக்கு எடுத்த குழுப் புகைப்படம் இருக்கிறது. வேலையைப் பற்றி எழுத்தில் ஒன்றும் இல்லை.

நேபாளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். காத்மாண்டுவில் லகன் சிலேகானா என்னும் பழைய அரண்மனைக் கிடங்கில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குவிந்து கிடந்த துப்பாக்கிகளை 2003-இல் இரண்டு அமெரிக்க வியாபார நிறுவனங்கள் மொத்தமாக வாங்கின. அவற்றுள் நேபாளத்திலேயே வடித்த ககேந்திரா என்னும் துப்பாக்கியும் ஏராளம். அதுவரை வெளியுலகம் அதை அறிந்தது மிகச் சொற்பம். போனது போயிற்று என்று வருந்துவதா, போனதால்தானே பெயராவது தெரிந்தது என்று ஆறுவதா? இந்தக் கேள்விக்கு எனக்கு விடை நிச்சயமில்லை. கிடங்கில் துருவேறியிருந்தால் இரண்டும் இல்லை.

என் அறைத் தோழி இந்தக் கட்டுரையின் முதல் படியைப் படித்துவிட்டு, “கொல்லும் கருவிக்கு என்னடி இத்தனை கொஞ்சல்?” என்றாள். கேட்க வேண்டிய கேள்வி. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று நான் வாதிடவில்லை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கடுமையானது; .303, 7.62 போன்ற பட்டாள அளவுகள் குடிமக்களுக்குத் தடுக்கப்பட்டவை, அதனால்தான்.315 என்று ஒரு தனி அளவில் வேட்டைத் துப்பாக்கி இஷாப்பூரில் செய்து விற்கப்பட்டது. அந்தக் கடுமை இருக்கட்டும். அண்ணன் இருக்கும் நாட்டுச் செய்தித்தாளைப் படித்த எவரும் அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டார். ஆனால் தளர்த்தாமலே செய்யக் கூடியது ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசப் போலீசார் 2020-ஆம் ஆண்டு குடியரசு தின அணிவகுப்போடு .303-க்கு விடைகொடுத்தார்கள். அவ்வாறு ஓய்வு பெறுகிறவற்றில் சிலவற்றையாவது, குழலை அடைத்து, ஊசியை நீக்கி, சுடவே முடியாதபடி செய்து, பொறியியல் கல்லூரிகளுக்கும் பொருட்காட்சிச் சாலைகளுக்கும் தரலாம். பூட்டும் காதின் பாரத்தைக் கரும்பலகையில் படித்த எனக்கு, ஒரு போல்ட்டைக் கையில் வாங்கிப் பார்க்க இந்த நாட்டில் வழியில்லை. டெக்ஸாஸில் அடகுக் கடையில் இருக்கிறது.

தோழிக்கு நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். தாத்தா நாற்பது ஆண்டுக்கு நெருக்கமாகத் தேய்த்தது கொல்வதற்காக அல்ல, சுடுகிறவன் முகத்தில் வெடிக்காமல் இருப்பதற்காக. அவள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

பாக்டரி இன்றும் நடக்கிறது. 2021-இல் பழைய வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது அதுவும் ஒன்றில் சேர்ந்தது. பெயர்ப்பலகைகள் மாறும்போது பழைய காகிதங்கள் எங்கே போகும் என்பது ஆபீஸ் பார்த்த எவருக்கும் தெரியும். காகிதம் போனாலும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் டூ ஏ செய்த காலத்தில் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எண்பது தாண்டிவிட்டது. ஆகவே நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். ஞாயிறுதோறும் தாத்தா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அரத்தின் பெயர்கள், சாயம் கலக்கும் விதம், எந்த ஷிப்டில் யார் எந்த வைஸில், பரிசோதகர் திருப்பியனுப்பினால் என்ன பாட்டு வாங்குவார்கள், எல்லாம். முப்பத்திரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. நம் சங்கத்தில் காசிப்பூர், இஷாப்பூர், ஜபல்பூர், அருவங்காடு குவார்ட்டர்ஸ்களில் வளர்ந்தவர்கள் குறைந்தது ஐந்து பேராவது இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மாலை சங்க அறையில் நான் இருப்பேன்.

அண்ணன் அந்தத் துப்பாக்கிக்குக் கீழே ஒரு சிறு பலகை மாட்டப் போகிறானாம். என்ன எழுதலாம் என்று தாத்தாவைக் கேட்டான். தாத்தா அதற்குப் பதில் சொல்லவில்லை. “கட்டைக்கு என்ன எண்ணெய் போடறே?” என்று கேட்டார். ஏதோ கடையில் விற்கும் பாலிஷ் என்றான். “அதெல்லாம் வேணாம். ஆளிவிதை எண்ணெய் வாங்கு. கையாலேயே தேய். துணி வேணாம்” என்று சொல்லிக் கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டார்.